மேல்வீட்டுக்காரிக்குத் தெரியாத ஐயா

என் வீட்டு அரிசிச் சாக்குகள் காணாமல் போகத் தொடங்கியது ஒரு தை மாதத்தில். பாசுமதி அரிசி வரும் தடித்த பிளாஸ்டிக் சாக்குகள் அவை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் மடித்து வைத்திருப்பேன். பழைய உடுப்புக் கட்டவும், நிலவறைக்குச் சாமான் இறக்கவும் உதவும். ஒன்று போனது, இரண்டாவதும் போனது. கணவர்தான் எறிந்திருப்பார் என்று அவரோடு ஒரு பாட்டம் சண்டையும் பிடித்தேன். அவர் வழக்கம்போலப் பேப்பருக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டார்.

சாக்குகள் எங்கே போயின என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்கனியில் நின்றபோது தெரிந்தது. ஒஸ்லோ நகரத்து ரொம்மனில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சரிவு உண்டு. என் மகள் முன்னாலும் மேல்வீட்டுக்காரி பின்னாலும் என் அரிசிச் சாக்கில் குந்தியிருந்து, பனியில் வழுக்கிக்கொண்டு கீழே போனார்கள். போய்ப் புரண்டு, முகமெல்லாம் பனியோடு எழும்பி, திரும்பவும் சாக்கை இழுத்துக்கொண்டு மேலே ஏறினார்கள். என் மகள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முழங்காலில் விழுந்து, மூச்சு முட்டச் சிரித்தாள். பெற்று வளர்த்த எனக்கு, அவளிடம் அப்படி ஒரு சிரிப்பு இருப்பது அன்றைக்குத்தான் தெரியும்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. சாக்குக்காக என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மேல்வீட்டுக்காரிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இரண்டு பேரும் யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒஸ்லோவுக்கு வந்தவர்கள். அவள் வேலை செய்தது சிறுவர் பள்ளியில், நான் முதியோர் இல்லத்தில். அவளுக்கு நாள் முழுக்க மூன்று வயதுப் பிள்ளைகள், எனக்கு நாள் முழுக்கத் தொண்ணூறு வயதுக் கிழவர்கள். அவள் சேறும் மணலுமாக வேலையால் வருவாள், கன்னமெல்லாம் சிவந்திருக்கும். நான் சவர்க்கார வாசத்தோடு வருவேன். இரண்டு பெடியன்கள் இருந்தார்கள் அவளுக்கு. அவன்கள் கம்ப்யூட்டரோடு அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்க, விளையாட ஆளில்லாமல் அவள் என் பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் அவளுக்கு விளையாட்டுத்தான். ரயிலில் ஏறினால், எதிரே இருப்பவர் எந்த நிறுத்தத்தில் இறங்குவார் என்று இருவரும் பந்தயம் பிடிப்பார்கள். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு முடிய, என் மகளைக் கூட்டிக்கொண்டு இதுவரை இறங்காத ஏதாவது ஒரு நிறுத்தத்தில் இறங்கி, வழி கேட்காமலே வீட்டுக்கு நடந்து வருவாள். ஒருமுறை பல்கனியில் கூடாரம் அடித்து அதற்குள் புட்டும் சம்பலும் வைத்துச் சாப்பிட்டார்கள். என் வீட்டுப் புட்டில் குறை பிடிக்கும் பிள்ளை, அந்தக் கூடாரத்துக்குள் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டதாம்.

பின்னேர வேலை முடிந்து வரும்போது, படிக்கட்டில் என் வீட்டு வாசலுக்கு முன் நான் சற்று நிற்பேன். மேலே இருந்து அவர்கள் இருவரின் சிரிப்பும் கேட்கும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு கதவைத் திறந்து, உள்ளே போய், கணக்குப் புத்தகத்தோடு கீழே வரச்சொல்லி மகளுக்கு டெலிபோன் எடுப்பேன்.

வைகாசி மாதத்தில் ஒரு நாள் அப்படித்தான் நின்றேன். மேல்வீட்டுக் கதவு திறந்திருந்தது. மேல்வீட்டுக்காரி கேட்டாள்:

"அம்மாவையும் கூப்பிடுவமே? மூண்டு பேர் எண்டால் இந்த விளையாட்டு இன்னும் நல்லா இருக்கும்."

என் மகள் சொன்னாள்: "அம்மாவுக்கு விளையாடத் தெரியாது, அன்ரி."

கோபமாகச் சொல்லவில்லை, முறைப்பாடாகவும் சொல்லவில்லை. எனக்குக் கார் ஓடத் தெரியாது என்று சொல்வதைப்போலச் சொன்னாள். அது உண்மையுங்கூட, கார் ஓட எனக்குத் தெரியாது. ஆனால் விளையாடத் தெரியாது என்று யார் அவளுக்குச் சொன்னது? நான் உள்ளே போய்க் கறிச்சட்டியைப் போட்டு உரஞ்சினேன். அடிப்பிடிக்காத சட்டி அது.

அந்த வருடமும் எங்கள் ஊர்ச் சங்கத்தின் கோடை ஒன்றுகூடல் ஆனி மாதத்தில் வந்தது. கயிறிழுத்தல், சங்கீதக் கதிரை, கடைசியாக வினோத உடை. எங்கள் பள்ளிக்கூடங்களில் விளையாட்டுப் போட்டியன்று வினோத உடை இல்லாமல் மைதானம் கலையாது. முன்கூட்டிப் பெயர் கொடுப்பதில்லை. பைத்தியமாகவோ, மீன்காரியாகவோ, சாத்திரக்காரியாகவோ வேஷம் போட்டுக்கொண்டு சனத்துக்குள் அலைய வேண்டும். ஆரென்று தெரியாமல் சனம் ஏமாற வேண்டும். முடிவில் நடுவருக்கு முன்னால் வேஷத்தைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். நான் படித்த காலத்தில் ஒருமுறையும் அதில் சேர்ந்ததில்லை. கோட்டுக்கு இப்பால் நின்று புள்ளி எழுதுகிறவள் நான்.

ஒஸ்லோவில் அந்தப் பரிசு வருடா வருடம் மேல்வீட்டுக்காரிக்குத்தான். ஒரு வருடம் மாப்பிள்ளைத் தோழன், மறு வருடம் கல்யாணத் தரகர். ஒவ்வொரு முறையும் என் மகள் கை நோகத் தட்டுவாள். இந்த முறை அவளுக்கு உதவியாளே என் மகள்தான் என்று தெரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு மட்டை வெட்டினார்கள், ஒட்டினார்கள். என்ன வேஷம் என்று கேட்டேன்.

"சொல்லேலாது அம்மா. அது எனக்கும் அன்ரிக்கும் மட்டும்தான்," என்றாள்.

அன்றைக்கு முடிவெடுத்தேன். மேல்வீட்டுக்காரியின் பரிசை அவள் கண்ணுக்கு முன்னாலேயே பறிப்பது. பரிசுப்பொருள் எனக்கு எதற்கு, போன வருடம் கொடுத்தது பிளாஸ்டிக் வாளி. நடுவருக்கு முன்னால் நான் தொப்பியைக் கழற்றும்போது என் மகள் முகத்தைப் பார்க்க வேண்டும், அதுதான்.

வேஷத்துக்கு நான் அதிகம் யோசிக்கவில்லை. முதியவர்கள் எப்படி நடப்பார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அந்தக் காலத்தில் பிள்ளைகள் கூப்பிட்டு ஊரிலிருந்து வந்த ஐயாமார் பலர் எங்கள் பக்கத்தில் இருந்தார்கள். ஆனி வெயிலிலும் தடித்த கோட்டு, கழுத்தைச் சுற்றி மஃப்ளர், காதை மூடிய குரங்குத் தொப்பி, கையில் குடை, ஒரு பிளாஸ்டிக் பை. கோட்டைப் பழைய உடுப்புக் கடையில் எடுத்தேன். நரை மீசை எங்கள் முதியோர் இல்லத்துக் கிறிஸ்மஸ் நாடகப் பெட்டியில் கிடந்தது. கண்ணாடி என் கணவருடைய பழையது.

ஒத்திகையை இல்லத்து நீளமான நடைபாதையில் வைத்துக்கொண்டேன். சாப்பாட்டு வண்டியைத் தள்ளிப்போகும்போது ஒரு காலை மெல்ல இழுத்துப் பார்ப்பேன். திரும்புவதற்கு முதல் நிற்க வேண்டும், நின்று மூச்சு விட வேண்டும், பிறகு முழு உடம்போடு திரும்ப வேண்டும். இதையெல்லாம் செய்து பார்க்கும்போது எனக்குள் ஏதோ கிசுகிசுவென்று ஓடியது. ஒரு மத்தியானம் ரொம்மன் கடைத்தெருவில் உண்மையான ஐயா ஒருவருக்குப் பின்னால், அவர் நடக்க நடந்து, அவர் நிற்க நின்று, அவர் விலைப் பட்டியலைக் குனிந்து பார்க்க நானும் குனிந்து பார்த்தேன். அவர் திடீரென்று திரும்பியபோது உருளைக்கிழங்கு பொறுக்குவதுபோல் நடித்தேன். வீடு வந்து சேரும்வரை என் வாய் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது. மேல்வீட்டுக்காரி இதைத்தான் நாள்தோறும் அனுபவிக்கிறாளா என்ற எண்ணம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒன்றுகூடல் நாளன்று எனக்குக் காலை வேலை இருக்கிறது, பிந்தித்தான் வருவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். கணவர் சங்கத்தில் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பு, விடியவே போய்விட்டார். மகள் மேல்வீட்டுக்காரியோடு போக ஏற்பாடு. நான் எங்கள் கட்டடத்து நிலவறையில், சாமான் அறையைப் பூட்டிக்கொண்டு வேஷம் போட்டேன். என் சேலையை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவர்கள் போய்விட்டார்கள் என்று நம்பித்தான் ரயிலுக்குப் போனேன். அங்கே மேடையில் இருவரும் நிற்கிறார்கள். தண்டவாளத்துக்கு அப்பால் உட்கார்ந்திருந்த காகம் எந்தப் பக்கம் பறக்கும் என்று பந்தயம் பிடித்துக்கொண்டு முதல் ரயிலைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

திரும்பிப் போனால் நடை காட்டிக்கொடுத்துவிடும். ஏறினேன். அவர்களுக்கு எதிரே இருந்த இருக்கைதான் காலியாக இருந்தது.

மேல்வீட்டுக்காரி என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள். "ஐயா ஒண்டுகூடலுக்கோ?" என்று கேட்டாள். நான் இருமினேன். இருமலோடு ஒரு "ம்" சேர்த்தேன். அவள் நம்பிவிட்டாள். வேஷம் போடுவதில் கரை கண்டவள் என்று ஊரெல்லாம் சொல்கிற பெண், என் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி இருந்து நம்பிவிட்டாள். எனக்குள் மத்தாப்பு வெடித்தது.

ரயில் குகைக்குள் இறங்கியது. அப்போதுதான் கவனித்தேன், என் மகளின் ஒரு சப்பாத்துக் கயிறு அவிழ்ந்து தரையில் கிடந்தது. எத்தனை தரம் சொல்வது இந்தப் பிள்ளைக்கு! அந்த ரயில் படியில் கயிறு மாட்டினால் என்ன ஆகும்? என்னை அடக்க முடியவில்லை. குடை நுனியால் சப்பாத்தைக் காட்டி, கண்ணாடிக்கு மேலால் கண்ணை உருட்டி ஒரு பார்வை பார்த்தேன். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சற்று நேரம் பார்த்தாள். பிறகு சத்தம் போடாமல் குனிந்து கயிற்றைக் கட்டினாள். நான் மூன்று தரம் கத்தினாலும் "ம், ம்" என்று இழுக்கிற பிள்ளை, முன்பின் தெரியாத கிழவனுடைய ஒரு பார்வைக்குக் கட்டுகிறாள். அந்த இடத்திலேயே எனக்கு அந்தக் கிழவனில் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

குரோருட்டில் இறங்கினோம். மேல்வீட்டுக்காரி தன் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வேஷம் மாற்ற முன்னால் ஓடிவிட்டாள். மகள் அவளோடு ஓடுவாள் என்று பார்த்தேன். அவள் நின்றாள்.

"ஐயா, வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன். உங்களுக்கு இடம் தெரியாது என்ன?" என்றாள்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தியில் கார் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து, என்னை மெல்ல நடத்திக் கடத்தினாள். இப்போதெல்லாம் நான் கையைப் பிடித்தால் பள்ளிக்கூடச் சினேகிதிகள் கண்டுவிடுவார்கள் என்று உதறிக்கொண்டு போகிறவள். அந்தக் கிழவனின் கையை மைதானம் வரும்வரை விடவில்லை. அவன்மேல் இருந்த எரிச்சல் இப்போது நல்ல முற்றிய பொறாமையாகிவிட்டது. அந்த மாதம் முழுக்கக் காலை இழுத்து இழுத்துப் பழகி நானே உருவாக்கிய கிழவன்!

மைதானத்தில் நான் ஒரு மூலையில் நிற்கத்தான் திட்டம். மகள் விடவில்லை. கூடாரத்துக்குள் முன்வரிசையில் நல்ல கதிரை ஒன்றில் இருத்தினாள். பிளாஸ்டிக் கப்பில் தேத்தண்ணீர் கொண்டுவந்து, ஊதிக் குடியுங்கோ என்றாள். இரண்டு வடையைக் கடதாசியில் சுற்றி மடியில் வைத்தாள். போன மாசியில் நான் காய்ச்சலாகக் கிடந்தபோது ஒரு கோப்பை தண்ணீர் கேட்டு, அது வருவதற்குள் நானே எழும்பிப்போய்க் குடித்தது ஞாபகம் வந்தது.

எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்றை நான் மறந்துபோனேன். எந்த நிகழ்ச்சியானாலும் மங்கள விளக்கு ஏற்றாமல் தொடங்க மாட்டார்கள். ஏற்றுவதற்கு ஒரு மூத்தவர் வேண்டும். அன்றைக்கு ஏற்ற வேண்டியவர் ஹவுகெட்டோவிலிருந்து வருவதாக இருந்தது, அவருக்கு முழங்கால் நோவு, வரவில்லை. சங்கத் தலைவர் கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டார். முன்வரிசையில் கோட்டும் குரங்குத் தொப்பியுமாக ஒரு பெரியவர் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஒலிபெருக்கியில் என் கணவரின் குரல் கேட்டது.

"எங்கள் மத்தியிலே அமர்ந்திருக்கும் பெரியவர் ஐயா அவர்களை மங்கள விளக்கேற்றி வைக்குமாறு அன்போடும் பணிவோடும் அழைக்கிறோம்."

பெரியவர் ஐயாவுக்கு வடை தொண்டையில் அடைத்தது. கையால் வேண்டாம் என்று காட்டினேன். அடக்கம் என்று நினைத்துச் சனம் கைதட்டியது. என் கணவரே இறங்கி வந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"பரவாயில்லை ஐயா, மெல்ல வாங்கோ. படி இருக்கு, பாத்து."

என் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னார். தன் பழைய கண்ணாடிக்குள்ளால் தன் மனைவி தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த மனிதருக்குத் தெரியவில்லை. அவ்வளவு பக்குவமாக அவர் என்னைப் பிடித்து நடத்தியதை நான் அதற்கு முன் அறியேன். கல்யாண வீட்டில் மணவறையைச் சுற்றி வரும்போதுகூட முன்னால் விறுவிறு என்று இழுத்துக்கொண்டு போனவர்தான்.

விளக்கை ஏற்றினேன். காற்று அணைத்தது, திரும்ப ஏற்றினேன். சுடரின் வெப்பமும் என் வியர்வையுமாக மீசையின் ஒரு பக்கம் மெல்லக் கழன்றது. போச்சு என்று நினைத்தேன். எங்கிருந்தோ என் மகள் ஓடிவந்தாள். "ஐயாவுக்குத் தடிமன்," என்று என் கணவருக்குச் சொல்லிவிட்டு, ஒரு கடதாசியை என் மூக்கடியில் வைத்து நன்றாக அழுத்தித் துடைத்தாள். மீசை ஒட்டிக்கொண்டது. அந்நியக் கிழவனுக்கு மூக்குத் துடைக்கிற அளவுக்கு இவளிடம் அன்பு கிடக்கிறது, எனக்குத்தான் அதில் பங்கில்லை என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவர் உணர்ச்சிவசப்படுகிறார் என்று தலைவர் ஒரு பொன்னாடையைக் கொண்டுவந்து போர்த்தினார். சரிகைக் கரை வைத்த மஞ்சள் ஆடை. சனம் எழும்பி நின்று கைதட்டியது.

கதிரைக்குத் திரும்பி வந்த பிறகுதான் என் நிலைமை எனக்கு உறைத்தது. இனி நான் எப்படித் தொப்பியைக் கழற்றுவது? விளக்கேற்றிப் பொன்னாடை வாங்கிய பெரியவர் ஒரு வேஷக்காரி என்று தெரிந்தால் தலைவர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்? அன்போடும் பணிவோடும் அழைத்த என் கணவர்? வயதான அம்மாமார் சிலர் என்னைப் பார்த்துக் கும்பிட்டும் இருந்தார்கள். நான் போட்ட வேஷம் நன்றாகப் பலித்து என்னையே பிடித்துக்கொண்டது.

வினோத உடை தொடங்கியது. மேல்வீட்டுக்காரி ரயில் பயணச்சீட்டுப் பரிசோதகராக வந்தாள். தொப்பி, கழுத்தில் மட்டை அடையாள அட்டை, கையில் ஒரு பெட்டி. கூடாரத்துக்குள் புகுந்து எல்லோரிடமும் ரிக்கெற் கேட்டாள். தலைவருக்குத் தண்டம் எழுதினாள். குழந்தை வண்டியில் கிடந்த குழந்தையிடமும் கேட்டாள். சனம் உருண்டு புரண்டு சிரித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நன்றாகத்தான் செய்தாள், அதுதான் தாங்க முடியவில்லை. ஆனால் என் மகள் அவளுக்குப் பின்னால் ஓடவில்லை. என் கதிரைக்குப் பக்கத்தில், புல்லில், காலை மடக்கிக்கொண்டு இருந்தாள். கிழவன்மேல் இவ்வளவு இரக்கமா?

பரிசோதகர் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, ரிக்கெற்?"

பெரியவரோடு பகிடி விடலாமா என்று சிலர் சங்கடப்பட்டார்கள். நான் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தக் கிழவன் பேசாமல் இருக்கவில்லை. மெல்ல மேல் பையைத் தடவினான். உள் பையைத் தடவினான். குடையை விரித்து, அதற்குள் அண்ணாந்து பார்த்து, மடக்கினான். ஒரு விரலை உயர்த்திப் பொறு என்று காட்டினான். பிறகு கோட்டுக்குள்ளிருந்து கடதாசிச் சுருளை எடுத்து, நிதானமாகப் பிரித்து, ஓரம் கடித்த வடையைப் பரிசோதகரின் கையில் வைத்தான். ரிக்கெற்றில் துளை போட்டுத் தா என்பதுபோல் வடையின் நடுத்துளையையும் விரலால் சுட்டிக் காட்டினான்.

கூடாரம் அதிர்ந்தது. மேல்வீட்டுக்காரி வடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு நின்றாள். கீழே புல்லில் என் மகள் விழுந்து கிடந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணீர் வழிய. அந்தச் சிரிப்பு! பனியில் என் சாக்கின்மேல் சிரித்த அதே சிரிப்பு. நான் வரவழைத்தேன், என் கையால், என் வடையால். ஆனால் அது எனக்கு வரவில்லை, அவனுக்குப் போனது. கோட்டுக்குள் வெந்துகொண்டு அவனைத் திட்டினேன்.

பரிசு மேல்வீட்டுக்காரிக்கே கிடைத்தது. இம்முறை சோறு காய்ச்சும் பானை. அவள் அதை வாங்க மேடைக்குப் போனபோது, எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, நான் காலை இழுத்துக்கொண்டு உடுப்பு மாற்றும் கட்டடத்துக்குப் போனேன். சேலையைக் கட்டி, முகத்தைக் கழுவி, கோட்டையும் தொப்பியையும் பொன்னாடையையும் பைக்குள் திணித்துக்கொண்டு, பின்பக்கத்தால் சுற்றி வாசலால் வந்தேன்.

"என்னப்பா, இப்பதான் வாறீர்? எல்லாம் முடிஞ்சுது," என்றார் கணவர். "ஒரு ஐயா வந்தவர், அருமையான மனுசன். எங்கை போனார் எண்டு தெரியேல்லை, ஒரு நன்றிகூடச் சொல்லேல்லை நான்."

"எனக்குச் சொல்லுங்கோவன்," என்றேன். அவர் கதிரை அடுக்கப் போய்விட்டார்.

திரும்பும் ரயிலில் நாங்கள் மூன்று பேர். மேல்வீட்டுக்காரி ஜன்னலோரம், மடியில் பரிசுப் பானை. எதிரே நானும் மகளும். மேல்வீட்டுக்காரிக்கு மனம் ஆறவில்லை.

"அந்த ஐயா ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. எல்லாரிட்டையும் கேட்டன். அந்த வடை... சும்மா ஒரு மனுசனுக்கு அது வராது. நீ அவரோடை கதைச்சனி எல்லே, பிள்ளை? எவடமாம்?"

என் மகள் ஜன்னலைப் பார்த்தாள்.

"ஹவுகெட்டோ எண்டவர்," என்றாள். "வீட்டிலை அவரை ஒருத்தரும் விளையாடக் கூப்பிடுறேல்லையாம். அதாலை தனிய வந்தவராம்."

"ஐயோ பாவம்," என்றாள் மேல்வீட்டுக்காரி.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிழவன் அவளோடு ஒரு சொல்லும் பேசவில்லையே? அந்த நேரத்தில் மகளின் கை என் மடிப் பக்கம் வந்தது. குனிந்து பார்த்தேன். பையின் வாயிலிருந்து பொன்னாடையின் சரிகைக் கரை நான்கு விரல் நீளத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் மேல்வீட்டுக்காரியைப் பார்த்துக்கொண்டே, விரலால் அதை மெல்ல உள்ளே தள்ளினாள். பையின் வாயை முறுக்கி என் கைக்குள் வைத்தாள். பிறகு தன் சப்பாத்தால் என் காலில் ஒரு தட்டுத் தட்டினாள். கயிறு ஒழுங்காகக் கட்டியிருந்தது.

குகைக்குள் ரயில் இரைந்தபோது என் காதுக்குள் சொன்னாள்:

"எந்த ஐயா அம்மா அப்பிடிக் கண்ணை உருட்டுவார்?"

அப்போதுதான் எல்லாம் திரும்ப என் கண்ணுக்கு முன் வந்தது. சந்தியில் பிடித்த கை, ஊதிக் குடிக்கச் சொன்ன தேத்தண்ணீர், மூக்கடியில் அழுத்திய கடதாசி. காலையிலிருந்து அவள் யாரோடு விளையாடிக்கொண்டிருந்தாள் என்று யோசிக்க, மூக்கு விறைத்துக்கொண்டு வந்தது. ரயிலில் அழக்கூடாது என்று இருமினேன். ஐயாவின் இருமல் வந்துவிட்டது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"என்ன, என்ன பகிடி?" என்று மேல்வீட்டுக்காரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்டுமில்லை அன்ரி."

கட்டடத்துக்கு வந்து படியேறினோம். எங்கள் வாசலில் மேல்வீட்டுக்காரி நின்றாள்.

"மேலை வாறியே, பிள்ளை? இந்தப் பானையிலை முதல் பொங்கல் பொங்குவம்."

"இண்டைக்கு வேண்டாம் அன்ரி. எனக்கும் அம்மாவுக்கும் ஒரு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"சொல்லேலாது," என்றாள் என் மகள்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினோம். அவள் என் பையைப் பறித்து, குரங்குத் தொப்பியைத் தன் தலையில் மாட்டி, காலை இழுத்துக்கொண்டு நடந்து காட்டினாள். திரும்புவதற்கு முதல் நிற்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். இருவரும் விறாந்தைத் தரையில் விழுந்து சிரித்தோம்.

வெளியே, மேலே ஏறிக்கொண்டிருந்த காலடிச் சத்தம் பாதிப் படியில் நின்றது. அப்படி நிற்பது எனக்குப் பழக்கமான விஷயம். எழும்பிக் கதவைத் திறந்து அவளையும் கூப்பிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கூப்பிடவில்லை. மகளுக்கு மீசையை ஒட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தேன்.